ஷர்மிளா எண்ணிய தலைகள்

ஷர்மிளாவுக்கு டெபோராவின் ஷூக்களைக் கண்டால் ஆகாது.

கறுப்புத் தோல், தடித்த அடி, விரல் பக்கம் உள்ளே இரும்புத் தகடு. சனிக்கிழமை சாயங்காலம் மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டில் மற்ற பெண்கள் எல்லோரும் செருப்பைக் காப்பாற்றிக்கொண்டு சேற்றைத் தாண்டித் தாண்டி நடக்க, டெபோரா மட்டும் சேற்றிலேயே மிதித்துக்கொண்டு நேராக வருவாள். ரயில்வே ஷெட்டில் அவளுக்கு வேலை. மின்சார ரயில்களின் சக்கரத்தையும் பிரேக்கையும் பார்க்கிற பிரிவில் இன்ஜினியர். அவளுக்குக் கீழே முப்பத்திரண்டு ஆண்கள். ஷிப்ட் முடிந்த கையோடு முருங்கைக்காய் வாங்க வந்துவிடுவாள். காய்க்கடைக்காரர் மற்றவர்களை அக்கா என்பார், அவளை மேடம் என்பார். ஷர்மிளா இதையும் கவனித்து வைத்திருந்தாள்.

இருவருக்கும் நாற்பத்து நான்கு வயது. பம்மலில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், பத்தாவது வரை ஒரே பெஞ்ச். இப்போது டெபோரா சேலையூரில், ஷர்மிளா முடிச்சூரில். மார்க்கெட்டில் எதிர்ப்பட்டால் நின்று பேசுவார்கள், சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்து கீரை ஆயும்போது ஷர்மிளா காம்போடு நல்ல இலையையும் சேர்த்துக் கிள்ளிப் போடுவாள். அவள் கணவன் துரை, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன், குப்பையில் கிடக்கும் இலையைப் பார்த்துவிட்டுச் சொல்வான்:

"இன்னா, இன்னிக்கு டெபோராவப் பாத்துட்டியா?"

பள்ளித் தோழிகளின் வாட்ஸப் குழுவில் டெபோரா மஞ்சள் ஹெல்மெட்டோடு ரயில் பெட்டியின் அடியில் நிற்கிற படம் ஒன்று உண்டு. நாற்பது பேர் லைக் போட்டிருந்தார்கள். ஷர்மிளா போடவில்லை. ஆனால் அந்தப் படத்தை அவள் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தவர்கள் வேறு யாரும் இருக்க முடியாது.

அந்த ஷூ தன்னுடையது என்பது அவள் எண்ணம். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

டெபோராவின் அப்பா பம்மலில் லேத் பட்டறை வைத்திருந்தார். பள்ளி விட்டதும் இரண்டு பெண்களும் அங்கேதான் போய் உட்காருவார்கள். வெர்னியர் என்று ஒரு அளவுகோல், இரும்புத் துண்டின் தடிமனை மயிரிழை வரைக்கும் சொல்லிவிடும். பெரிய கோட்டையும் சின்னக் கோட்டையும் சேர்த்துப் படிக்கத் தெரியவேண்டும். அதை முதலில் படிக்கக் கற்றவள் ஷர்மிளா. டெபோராவுக்குப் பதினைந்து நாள் கூடுதலாகப் பிடித்தது. அந்தப் பதினைந்து நாளை ஷர்மிளா மறந்ததே இல்லை. பத்தாவதில் அவள் நானூற்று இருபத்தொன்று, டெபோரா நானூற்று ஒன்பது. பாலிடெக்னிக்கில் இருவரும் மெக்கானிக்கலுக்கு எழுதிப் போட்டார்கள். இருவருக்கும் இடம் கிடைத்தது.

தொண்ணூற்றேழாம் வருடம் ஜூன் மாதம், ஷர்மிளாவின் அப்பா கங்காதரன் பாலிடெக்னிக் அறிவிப்புப் பலகையின் முன்னால் நின்று, வகுப்புப் பட்டியலை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டு வந்தார். தோல் பதனிடும் தொட்டியில் வேலை பார்த்துக் கறுத்த விரல். அறுபது பெயர். நாற்பத்தொன்றாவது பெயரில் ஒரு தடவை நின்றது, ஐம்பத்தாறில் ஒரு தடவை நின்றது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டினார். "ரெண்டு பொண்ணு, அம்பத்தெட்டு பசங்க. ஒரு பொண்ணுக்கு இருபத்தொம்போது பேரு. இது இன்னா காலேஜா, கபடி மைதானமா? வாணாம்."

அவ்வளவுதான். அவர் அடிக்கிறவர் இல்லை, குடிக்கிறவரும் இல்லை. கணக்குப் போட்டார், கணக்கு உதைத்தது, விஷயம் முடிந்தது. டெபோராவின் அப்பா வேறு மாதிரி கணக்குப் போட்டார். ரெண்டு பேர் இருக்காளுங்களே, ஒருத்திக்கு ஒருத்தி துணை, போய் வரட்டும் என்றார்.

சேருகிற நாளுக்கு முந்தின சாயங்காலம் டெபோரா ஷர்மிளாவின் வீட்டுக்கு வந்தாள். ஷர்மிளா உள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். வெளியே வரவில்லை. அவள் அம்மா, "அவளுக்கு ஒடம்புக்கு முடியலம்மா. அவ வரல, நீ போய்ட்டு வா" என்றாள். டெபோரா கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். மறுநாள் அறுபது பேர் வகுப்புக்கு ஒருத்தியாகப் போனாள்.

ஷர்மிளா மகளிர் பள்ளியில் பிளஸ் டூ படித்தாள். டைப்பிங் லோயர் முடித்தாள். பிறகு தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். வெளிநாட்டுக்குப் போகிற சட்டைகளைச் சோதிக்கிற வேலை. பொத்தான், தையல், காலர், கறை. இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் பிரிவுக்கு மேற்பார்வையாளர் ஆனாள். புதிதாக வருகிற பெண்களுக்கு அவள் சொல்கிற முதல் பாடம் ஒன்றுதான். "பெட்டியில மேல இருக்கற பீஸ எடுத்துப் பாக்காத. நல்லதத்தான் மேல வெச்சிருப்பானுங்க. அடியில கை வுட்டு எடு." அதை வீட்டிலும் சொல்வாள். தக்காளி வாங்கினாலும் சொல்வாள். துரை வாங்கி வருகிற தக்காளிக்குத் தனியாகச் சொல்வாள்.

பாலிடெக்னிக்கிலிருந்து வந்த சேர்க்கை அட்டை அவளிடம் இருந்தது. இரண்டாயிரத்துப் பதினைந்தில் முடிச்சூருக்குள் வெள்ளம் வந்த காலையில், துரை கேஸ் சிலிண்டரைத் தோளில் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினான். ஷர்மிளா ஏழு வயது மகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பீரோவைத் திறந்தாள். முதலில் கையில் எடுத்தது ரேஷன் கார்டு அல்ல. நனைந்த அட்டையைப் பிறகு இஸ்திரிப்பெட்டியால் காயவைத்தாள். மை பரவிவிட்டது. மெக்கானிக்கல் என்கிற வார்த்தையில் பாதி நின்றது. ரேஷன் கார்டுக்கு மூன்று மாதம் அலைந்தார்கள்.

இடுப்பில் இருந்த அந்த மகள்தான் ஜெயப்ரியா. இந்த வருடம் பிளஸ் டூ முடித்தாள். நல்ல கட் ஆஃப். மிக்ஸியைக் கழற்றி மாட்டுவாள், அப்பாவின் வேனுக்கு அடியில் படுத்துக்கொள்வாள். ரயில்வே ஷெட்டைக் குடும்பத்தாருக்குக் காட்டுகிற நாளில் டெபோரா அவளையும் கூட்டிப்போய்க் காட்டியிருந்தாள். அன்றிலிருந்து வாய்க்கு வாய் "டெபோரா ஆன்ட்டி சொன்னாங்க" தான். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குப் பெயர் கொடுத்தபோது, மெக்கானிக்கல்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டாள்.

ஷர்மிளாவுக்கு அது ஆகவில்லை. பயம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

எந்தக் கல்லூரி முதலில், எது இரண்டாவது என்று வரிசைப்படுத்தி இணையத்தில் பதியவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஷர்மிளாவே உட்கார்ந்து பதிந்தாள். முதல் இடத்தில் ஒரு பெண்கள் கல்லூரி. அங்கே மெக்கானிக்கல் கிடையாது, கம்ப்யூட்டர்தான். ஜெயப்ரியா கேட்ட கல்லூரி, வண்டலூர் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் இருப்பது, ஒன்பதாவது இடத்துக்குப் போயிற்று. ஜெயப்ரியாவின் கட் ஆஃபுக்கு முதல் இடமே கிடைத்துவிடும். ஒன்பது வரைக்கும் கை போகவே போகாது. வரிசையை மாற்றினால் அது செல்ல ஓடிபி வேண்டும். ஓடிபி ஷர்மிளாவின் போனுக்கு வரும். வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணியோடு பட்டியல் மூடிவிடும்.

"அங்க பூராப் பசங்கதான் இருப்பானுங்க" என்றாள் ஷர்மிளா.

"இருந்துட்டுப் போகட்டுமே. நானா அவங்களுக்குச் சோறு போடப் போறேன்?"

"மெக்கானிக்கல்ல ஒரு பொண்ணு ரெண்டு பொண்ணுதான் இருக்கும். உனக்குத் தெரியாது."

"உனக்கு எப்டிம்மா தெரியும்? நீதான் போகவே இல்லையே."

ஷர்மிளா அடுப்பைச் சின்னதாக வைத்தாள். மகள் குத்திக்காட்ட வேண்டுமென்று சொல்லவில்லை. விஷயத்தைச் சொன்னாள். அதனால்தான் அது அப்படிப் பட்டது.

"சரி. நான் போய்ப் பாத்துட்டு வரேன். பொண்ணுங்க பாதிக்குப் பாதி வேணாம், மூணுல ஒரு பங்கு இருந்தாக்கூட மாத்திக் குடுக்கறேன்" என்றாள்.

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு, வண்டலூர் தாண்டி பஸ்ஸில் இறங்கி, கல்லூரி வாசலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாள். மூன்றேகாலுக்குக் கல்லூரி விட்டது. கைப்பையிலிருந்து கம்பெனி செக்கிங் சீட்டை எடுத்துப் பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு பத்தி. தலைக்கு ஒரு கோடு, நாலு கோட்டுக்கு மேல் குறுக்கே ஒன்று. சட்டையை எண்ணுகிற அதே முறை.

டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "யாரத் தேடுறீங்கக்கா?"

"யாரையும் இல்ல. எண்ணிக்கினு இருக்கேன்."

"எதுக்கு?"

"பொண்ணச் சேக்கறதுக்கு."

"பொண்ணச் சேக்கறதுக்குப் பசங்கள ஏங்க்கா எண்றீங்க? மாப்ள பாக்கறீங்களா?"

"டீய ஆத்துங்க" என்றாள் ஷர்மிளா.

பையன்கள் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள், பைக்கில் மூன்று பேராக ஏறினார்கள், டீக்கடையில் அவள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்து சமோசா தின்றார்கள். நடுநடுவே கல்லூரியின் மஞ்சள் பஸ்கள் வரிசையாக வெளியே வந்து திரும்பின. தூசி பறந்தது. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் அவள் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு, அது போனபிறகு மறுபடி எண்ணினாள். முக்கால் மணி நேரத்தில் ஆண்கள் இருநூற்றுப் பன்னிரண்டு, பெண்கள் ஒன்பது.

இரண்டு தடவை கூட்டிப் பார்த்தாள். ஒன்பதுதான்.

பெண்ணைப் பெற்றவளுக்கு அந்த எண்ணைப் பார்த்ததும் கவலை வரவேண்டும். ஷர்மிளாவுக்கு வந்தது கவலை இல்லை. நல்ல பசியில் சூடாகச் சோறு இறங்குகிற மாதிரி ஒரு நிம்மதி. அப்பா சரி. அப்பாவின் விரல் சரி. அன்றைக்குப் போகாததும் சரி. இவளும் போகப்போவதில்லை. சீட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். வருகிற வழியில், கேட்காமலேயே மகளுக்குப் பிடித்த முட்டை பப்ஸ் இரண்டு வாங்கினாள்.

ஜெயப்ரியா சீட்டைப் பார்த்தாள், பப்ஸைத் தொடவில்லை. அறைக்குள் போய்ப் போனை எடுத்தாள். ஆறரை மணிக்கு வாசலில் ஷூ சத்தம் கேட்டது.

"ஷெட்லேந்து நேரா வந்துட்டியா?" என்று துரை எழுந்து நாற்காலி போட்டான். "வா வா. இங்க சுப்ரீம் கோர்ட் நடக்குது. நான் டவாலி."

டெபோரா வாசற்படியில் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தாள். நிதானமாக அவிழ்த்தாள். ஷர்மிளா அதைப் பார்க்காமல் இருக்க முயன்று பார்த்தாள்.

"எத்தன பேரு எண்ணுன ஷர்மி?"

"இரநூத்திருவத்தோரு பேரு. பொண்ணுங்க ஒம்போது."

"எங்க நின்ன?"

"கேட்டுக்கு எதிர."

"காலேஜ் பஸ் எங்கடி நிக்கும்?"

ஷர்மிளாவுக்கு மஞ்சள் பஸ் கிளப்பிய தூசி ஞாபகம் வந்தது.

"உள்ளதான நிக்கும்? எந்த அப்பன் பொண்ண ஜிஎஸ்டி ரோட்ல நிக்க வெக்கிறான்? எல்லாரும் காசு கட்டி பஸ்ல ஏத்தி வுட்டுர்றான். முன்னாடி சீட்டு பூராப் பொண்ணுங்க. பசங்கதான் பஸ் காசுல பைக்குக்குப் பெட்ரோல் போட்டுக்கினு கேட்டு வழியா நடந்து வருவானுங்க. நீ அந்த வழியாப் போன பஸ்ஸ எண்ணுனியா?"

துரை மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தான். ஷர்மிளா பார்த்த பார்வையில் இருமலாக மாற்றிக்கொண்டான்.

ஜெயப்ரியா அறை வாசலில் நின்றிருந்தாள். "பெட்டியில மேல இருக்கற பீஸ மட்டும் எடுத்துப் பாத்துட்டு, மொத்த லாட்டையும் ரிஜெக்ட் பண்ணிட்ட" என்றாள். சத்தம்கூடப் போடவில்லை.

இருபத்திரண்டு வருடத்தில் கம்பெனியில் ஷர்மிளாவிடம் யாரும் இதைச் சொன்னதில்லை. முகம் கொதித்தது. மகளிடம் காட்ட முடியாததை டெபோராவிடம் காட்டினாள்.

"ஒனக்கென்னடி, நீ சொல்லுவ! ஒருத்தியாப் போயி, படிச்சு, பெரிய ஆளா வந்துட்ட. எல்லாருக்கும் அப்டியே அமஞ்சுடுமா? எல்லாத்தையும் நீயே வாரிக்கினு, இப்ப எம்பொண்ணுக்கும் நீயே வழி காட்ற!"

நடுவில் இருந்த அந்த "வாரிக்கினு" எல்லோர் காதிலும் விழுந்தது. துரை தரையைப் பார்த்தான்.

டெபோரா தண்ணீர் கேட்டாள். ஜெயப்ரியா கொண்டுவந்த சொம்பை முழுவதும் குடித்து முடித்தாள். பிறகுதான் பேசினாள்.

"மூணு வருஷம் இந்த மாதிரி தண்ணி குடிச்சதில்ல நான். தெரியுமா ஒனக்கு? ஒர்க்‌ஷாப் பக்கம் லேடீஸ் டாய்லெட்டே கெடையாது. மெயின் பில்டிங்ல ஒண்ணு, அதையும் பூட்டி வெச்சிருப்பாங்க. சாவி ஆபீஸ்ல, இவ்ளோ பெரிய மரக்கட்டையில கட்டித் தொங்கும். அத வாங்கிக்கினு நடக்கணும், அம்பத்தொம்போது பேருக்கு முன்னாடி. கட்டையப் பாத்தாலே விசிலடிப்பானுங்க. ரெண்டு நாள் போனேன். மூணாவது நாள்லேந்து காலையில ஏழு மணிக்கு ஒரு மடக்கு, அப்றம் சாயங்காலம் வீட்டுக்கு வந்துதான்."

"வெளிய தூரமான நாள்ல?" என்றாள் ஷர்மிளா. கேட்கவேண்டும் என்று நினைக்கவில்லை. வாய் கேட்டுவிட்டது.

"லீவு. மாசம் மூணு நாள். அட்டெண்டன்ஸ் பத்தாம கெஞ்சிக் கெஞ்சிப் பரீட்சை எழுதுனேன். ரெண்டாவது வருஷம் குளிர் காய்ச்சல், ஒண்ணுக்குப் போனா ரத்தம். எட்டு நாள் ஆஸ்பத்திரி. இப்பவும் ஒவ்வொரு சித்திரைக்கும் வருது. எபியக் கேளு, மாத்திரை வாங்கி வாங்கி மருந்துக்கடைக்காரனே மச்சான்னு கூப்புடறான்." எபி அவள் கணவன்.

யாரும் சிரிக்கவில்லை.

"உங்கப்பா கணக்கு தப்புன்னு நான் சொல்லல. ரெண்டு பேரு கம்மிதான். ஆனா ரெண்டு பேரு இருந்திருந்தா ஒருத்தி சாவி வாங்கலாம், ஒருத்தி வாசல்ல நிக்கலாம். அவ்ளோதான் எனக்கு வேண்டியிருந்துது." டெபோரா சொம்பைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு நீ கதவுக்குப் பின்னாடி நின்னுகினு இருந்த. கதவு தரையத் தொடாது உங்க வூட்ல. உன் காலு தெரிஞ்சுது."

ஷர்மிளா தன் கால்களைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருடமாக, யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்த கால்கள்.

டெபோரா காபி குடித்துவிட்டுப் போனாள். ஷூவின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டு, போகும்போது துரையிடம் வேனின் பிரேக் சத்தத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னாள்.

சாப்பிட்ட பாத்திரம் கழுவும்போது ஷர்மிளா யோசித்தாள். அவளுக்கு வந்த யோசனை அழகானது இல்லை. ரத்தம் என்றதும் முதலில் உள்ளுக்குள் ஒரு கணம் குளிர்ந்தது, அதை அவள் மறைக்கப் பார்க்கவில்லை. அடுத்த கணமே அது மாறிவிட்டது. அந்தக் காய்ச்சலிலும் பாதி தனக்குச் சேரவேண்டியது என்று பட்டது. அந்த மரக்கட்டை, அந்த விசில், வாசலில் காவல் நிற்பது, எதுவுமே தனக்குக் கொடுக்காமல் டெபோரா தனியாக அனுபவித்துவிட்டாள். இப்படிப் போய் ஒரு பொறாமை வரும் என்று அவளே எதிர்பார்த்திருக்கவில்லை.

வியாழக்கிழமை முழுநாள் லீவு. காலை பத்து மணிக்கு அம்மாவும் மகளும் கல்லூரி வாசலில் இறங்கினார்கள். இந்தத் தடவை உள்ளே போனார்கள். சேர்க்கைக் காலம், அதனால் வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்ட ஆள் போட்டிருந்தார்கள். ராகவேந்திரா என்று சட்டையில் பெயர் மாட்டியிருந்த இளைஞர் ஏசி அரங்கத்தைக் காட்டினார், வேலைக்குப் போனவர்களின் படங்கள் ஒட்டிய பலகையைக் காட்டினார், நீச்சல்குளம் வரப்போகிற பள்ளத்தையும் காட்டினார்.

"மெக்கானிக்கல் பிளாக்ல லேடீஸ் டாய்லெட் எங்க இருக்கு?" என்றாள் ஷர்மிளா.

"உங்களுக்கா மேடம்? இங்கயே ரிசப்ஷன் பக்கத்துல..."

"எனக்கில்ல. அவளுக்கு. நாலு வருஷத்துக்கு."

ராகவேந்திராவின் வழிகாட்டிப் புத்தகத்தில் அந்தக் கேள்விக்குப் படம் இல்லை. வராந்தாவில் போன ஒரு மாணவியை நிறுத்திக் கேட்டு, அவளோடு அனுப்பிவைத்தார்.

முதல் மாடியில் நாலு அறை. ஷர்மிளா ஒன்றைப் பார்த்துவிட்டுத் திருப்தியாகிவிடவில்லை. நாலுக்கும் தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டு இழுத்தாள், குழாயைத் திறந்தாள், பை மாட்ட ஆணி இருக்கிறதா, மூடி போட்ட குப்பைக்கூடை இருக்கிறதா, விளக்கு எரிகிறதா என்று பார்த்தாள். மூன்றாவது தாழ்ப்பாள் விழவில்லை. அதைச் சீட்டில் குறித்துக்கொண்டாள். ஜெயப்ரியா முதலில் வெட்கத்தில் சுவரோடு ஒட்டி நின்றாள். பிறகு தானே போய் கடைசி அறையின் ஃப்ளஷ்ஷை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஓகே" என்று தலையை நீட்டினாள்.

"ஒர்க்‌ஷாப்ல?" என்றாள் ஷர்மிளா அந்த மாணவியிடம்.

"அங்க ரெண்டு இருக்கு ஆன்ட்டி."

"பூட்டி வெப்பாங்களா?"

"எதுக்குப் பூட்டணும்?" என்று அந்தப் பெண் திருப்பிக் கேட்டாள். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை.

ஒர்க்‌ஷாப் படிகளில் காக்கி கோட் போட்ட பெண்கள் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து தின்றுகொண்டிருந்தார்கள். எலுமிச்சைச் சாதம் ஒரு டப்பாவிலிருந்து இன்னொன்றுக்குப் போயிற்று. ஒருத்தி எதற்கோ இன்னொருத்தியின் முதுகில் அடித்துச் சிரித்தாள். எல்லோர் காலிலும் கறுப்பு ஷூ.

"உங்க கிளாஸ்ல எத்தன பேரும்மா?"

"அறுவது பேர் ஆன்ட்டி. கேர்ள்ஸ் நாங்க பதினோரு பேர்."

பதினொன்று. அப்பா இருந்தால் உடனே வகுத்திருப்பார், ஒரு பெண்ணுக்கு நாலரை. மூன்றில் ஒரு பங்கும் இல்லை. ஷர்மிளா கேட்ட கணக்குக்கு இது போதாது. வேண்டாம் என்று சொல்ல அவளிடம் நியாயம் இருந்தது, மகளும் அதை மறுக்க முடியாது. ஜெயப்ரியா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளும் வகுத்துவிட்டாள் என்பது தெரிந்தது.

உள்ளே மேசையில் ஒரு இரும்பு உருளையும் வெர்னியரும் கிடந்தன. அங்கிருந்த பயிற்சியாளர் ஜெயப்ரியாவிடம் விளையாட்டாக நீட்டி, எவ்வளவு என்று சொல்லு பார்க்கலாம் என்றார். ஜெயப்ரியா கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "இருவத்திரெண்டு புள்ளி நாலு" என்றாள்.

"ஆறு" என்றாள் ஷர்மிளா, இரண்டடி தள்ளியிருந்தே.

பயிற்சியாளர் வாங்கிப் பார்த்தார். "ஆறுதான். மேடம் எங்க ஒர்க் பண்றீங்க?"

"சட்டை கம்பெனில" என்றாள் ஷர்மிளா. மகளைத் திருத்தியதில் ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. கோட்டைத் தவறாகப் படித்த அந்தப் பதினேழு வயதுப் பெண்ணுக்கு இங்கே நாலு வருடம் கிடைக்கப்போகிறது, சரியாகப் படித்தவள் மூன்று மணி பஸ்ஸில் திரும்பிப் போகவேண்டும். அந்த இடத்தில்தான் அவளுக்குப் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கல்லூரியை ஒன்பதாவது இடத்துக்குத் தள்ளியதற்குப் பெயர் பயம் இல்லை. டெபோராவின் ஷூவைப் பார்க்கும்போது வருகிற அதேதான்.

நாலு மணி இருபதுக்கு, முடிச்சூர் வீட்டில், ஜெயப்ரியா லேப்டாப்பைத் திறந்து ஒன்பதை ஒன்றாக்கினாள். ஷர்மிளாவின் போன் மேசையில் ஒரு தடவை அதிர்ந்தது. ஆறு இலக்கம்.

"வந்துருச்சாம்மா?"

ஷர்மிளா போனைக் கையில் எடுத்துப் பார்த்தாள். மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரம் ஓடியது. வேனைத் துடைத்துவிட்டு உள்ளே வந்த துரை, அம்மாவையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தான். வேடிக்கை பேசவில்லை.

"ஷர்மி, எனக்கு ஒண்ணுதான் தெரியும். அந்த அட்டைய இஸ்திரி போட்ட பாரு, அன்னிக்கு நான் பாத்தேன்" என்றான். பிறகு கை கழுவப் போய்விட்டான்.

நேரம் கடந்து ஓடிபி செத்துப்போயிற்று. ஜெயப்ரியா எதுவும் கேட்காமல் மறுபடியும் அனுப்பச் சொல்லி அழுத்தினாள். போன் மறுபடி அதிர்ந்தது. மணி நாலு முப்பத்தெட்டு.

"எழுதிக்க" என்றாள் ஷர்மிளா. கம்பெனியில் பெட்டி எண்ணைப் படிக்கிற குரலில், இரண்டிரண்டு இலக்கமாகப் படித்தாள். "பதிஞ்சுதா? திருப்பிப் படி."

பதிந்தது.

ஜெயப்ரியா அம்மாவைக் கட்டிக்கொள்ள வந்தாள். "போதும் போதும். வேர்க்குது" என்று ஷர்மிளா விலக்கினாள். பிறகு டெபோராவுக்கு ஒரு செய்தி அனுப்பினாள். "பதினோரு பேர். பூட்டறதில்ல. மூணாவது தாழ்ப்பாள் விழல." உடனே பதில் வந்தது. "எழுதிக் குடு. விட்டுடாத." ஷர்மிளா பள்ளித் தோழிகளின் குழுவைத் திறந்து மேலே தள்ளி, ஹெல்மெட் போட்ட அந்தப் படத்தை ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்தாள். லைக் போடவில்லை.

சனிக்கிழமை மார்க்கெட்டுக்குப் போனபோது, முருங்கைக்காய்க் கடைக்கு முன்னாலேயே பாத்திரக்கடைக்குள் நுழைந்து, ஒரு லிட்டர் பிடிக்கிற எவர்சில்வர் தண்ணீர் பாட்டில் வாங்கினாள். மூடியைத் திறந்து மூடித் திறந்து மூடி, அடுக்கில் அடியில் இருந்த ஒன்றை எடுத்துத் தரச்சொன்னாள். இருபத்தெட்டு வருடமாக அவள் பொறாமைக்குச் சேலையூர் வரைக்கும் போய்வர வேண்டியிருந்தது. இனிமேல் அந்த அலைச்சல் இல்லை. அது வீட்டுக்குள்ளேயே காலையில் ஆறு மணிக்கு எழுந்து, ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டு, டிபன் டப்பாவுக்குக் கை நீட்டும்.

வீட்டுக்கு வந்து பாட்டிலை மகள் முன்னால் வைத்தாள்.

"காலேஜ் தொறந்ததும் தெனம் இத நெறச்சு எடுத்துக்கினு போற. சாயங்காலம் காலியா வரணும். நான் தெறந்து பாப்பேன்."

"தண்ணியையுமா செக் பண்ணுவ?"

"ஆமா" என்றாள் ஷர்மிளா. "தலகீழாக் கவுத்துப் பாப்பேன்."